புறாமலைய பயோஸ்பியர் ரிசர்வ் ஆக்கினா எங்கட போட் தொழில் என்னாகும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

அலஸ்தோட்டத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். போன கிழம இஞ்ச மீனவர் சங்கக் கூட்டம் ஒண்டு வச்சவங்க. நான் கடலுக்குப் போறவன் இல்ல, மச்சான்தான் போட் வச்சிருக்கிறான், திருகோணமலை நிலாவெளிக் கரையில இருந்து புறாமலைத் தீவுக்கு ஆக்கள ஏத்தி இறக்கிறவன், அவனோட சும்மா போய் பின் கதிரையில இருந்தன். வெளியூரில இருந்து வந்த ஒரு தம்பி புறாமலைய பயோஸ்பியர் ரிசர்வ், அதுதான் யுனெஸ்கோ பட்டியல்ல வாற உயிர்க்கோளக் காப்பகம், ஆக்கிறதப் பத்தி ப்ரொஜெக்டர் போட்டு படம் படமா காட்டினார். நடுவில ஒரு வட்டம், அதச் சுத்தி ஒரு வட்டம், அதுக்கும் வெளியில இன்னொரு வட்டம். இப்பிடிச் செஞ்சா இயற்கையும் தப்பும் சனமும் தப்பும், உலகத்தில எழுநூறு இடத்துக்கு மேல இருக்கு எண்டார். பவளம், ஆமை, சுறாக்குட்டி எண்டு வடிவான படங்கள், பொய் சொல்லக் கூடாது.

கேள்வி கேக்கிற நேரம் வர பிளேன்டீயும் வந்திட்டுது, சனம் எழும்பிட்டுது. மச்சான் அண்டையில இருந்து ஒரே யோசன. ஏற்கனவே நஷனல் பார்க் எண்டு சொல்லி வல போட ஏலாது, நங்கூரம் கண்ட இடத்தில போட ஏலாது, இனி இதுவும் வந்தா போட்டும் ஓட ஏலாதோ எண்டு கேக்கிறான். எனக்கு விளங்கேல்ல எண்டுதான் சொன்னன். யுனெஸ்கோ வந்து இடத்த எடுக்குமா, வெளி வட்டத்துக்குள்ள எங்கட வீடு வளவு வந்தா என்ன நடக்கும், உண்மையா எங்கயாவது சனத்துக்குப் பிரயோசனமா நடந்திருக்கா? படிச்ச ஆக்கள் இருந்தா எங்களுக்கு விளங்கிற மாதிரி சொல்லுங்க, பிடிஎஃப் அனுப்ப வேணாம், வாசிக்க மாட்டன்.

வெருகலாள்:

அண்ணே, நான் கம்பஸ்ல சுற்றாடல்தான் படிச்சன், ஏலுமான அளவுக்குச் சொல்றன்.

முதல்ல, யுனெஸ்கோ ஒருத்தர்ட காணியையும் எடுக்காது. 1971ல "மனிதனும் உயிர்க்கோளமும்" எண்டு ஒரு திட்டம் தொடங்கினவங்க, அதுக்குக் கீழதான் இந்த பயோஸ்பியர் ரிசர்வ் எல்லாம். பேர குடுக்கச் சொல்லிக் கேக்கிறது எங்கட அரசாங்கம், சட்டம் எங்கட நாட்டுச் சட்டம், வேணாமெண்டா பேர திருப்பியும் எடுக்கலாம். 2017ல அமெரிக்கா ஒரே மூச்சில பதினேழு இடத்த பட்டியல்ல இருந்து எடுத்தது. பத்து வருசத்துக்கு ஒருக்கா எப்பிடிப் போகுது எண்டு ரிப்போட் குடுக்கோணும், அவ்வளவுதான் வெளியில இருந்து வாற கட்டாயம்.

அந்த மூண்டு வட்டம் என்னண்டா, நடுவில இருக்கிறது சட்டத்தால இறுக்கிப் பாதுகாக்கிற இடம், அதச் சுத்தி ஆராய்ச்சி, படிப்பு, சேதம் வராத சுற்றுலா மாதிரி வேலைகளுக்கு ஒரு இடம், வெளி வட்டத்தில ஊர், வயல், கடல்தொழில், ஹோட்டல் எல்லாம் இருக்கும், இருக்கவும் வேணும். 1995ல ஸ்பெயின் நாட்டு செவில் நகரத்தில கூடித்தான் இந்த வெளி வட்டத்துக்கு இவ்வளவு முக்கியம் குடுத்தவங்க, அதுக்கு முதல் காட்டப் பாதுகாக்கிற ஆராய்ச்சிதான் பெரிசா இருந்தது.

எங்கட நாட்டில நாலு இருக்கு. ஹுருலு 1977, சிங்கராஜா 1978, பிறகு கன்னெலியாப் பக்கம் 2004, புந்தல 2005. ஹபரணையில ஜீப்பில யானை பாக்கக் கூட்டிப் போறாங்களே, அந்த ஹுருலுக் காடுதான். ஜீப் ஓடுதுதானே? சிங்கராஜாவிலயும் சுத்தியிருக்கிற ஊர்ச்சனம் கித்துள் பாணி காய்ச்சுது, கைடா வேல செய்யுது.

இப்ப புறாமலைக்கு வாறன். 1963ல சரணாலயம், 2003ல தேசிய பூங்கா. இந்த ரெண்டும் ஒண்டில்ல. சரணாலயம் எண்டா உள்ளுக்க தனியார் காணி கூட இருக்கலாம், தேசிய பூங்கா எண்டா போய்ப் பாக்கலாம், எடுக்க ஏலாது. கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவிலதான் தீவு, பூங்கா 471 ஹெக்டயர், அதில முக்காவாசிக்கும் மேல தண்ணி. அப்ப உங்கட மச்சான் பயப்பிடுற இறுக்கமான பகுதி ஏற்கனவே இருக்கு. பயோஸ்பியர் எண்டு பேர் வந்தா நடு வட்டம் அதாத்தான் இருக்கும், அது கூடப் போறதுமில்ல, குறையப் போறதுமில்ல. புதுசா வாறது வெளி வட்டம்தான். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளிக் கரை. கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் அங்கதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன்.

வெள்ளவத்தை_வாசன்:

ப்ரோ, நேர சொல்றன், கோவிக்க வேணாம். கடசியா நான் வந்தப்ப அந்தத் தீவில சந்த மாதிரி சனம். லைஃப் ஜாக்கெட்டோட வந்து பவளத்துக்கு மேல ஏறி நிண்டு செல்ஃபி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. தாய்லாந்தில மாயா பே எண்டு ஒரு இடம், இதே கதிதான், 2018ல இழுத்து மூடினாங்க, 2022 தொடக்கத்திலதான் திருப்பித் திறந்தாங்க, இடையில சுறா எல்லாம் திரும்பி வந்திட்டுது. நாங்களும் மூணு நாலு வருசம் மூடோணும். வட்டம் கீறி மண்ணாங்கட்டி ஒண்டும் தேவையில்ல.

இறக்கக்கண்டி போட்காரன்:

வாசன் தம்பி, மூடோணும் எண்டு வெள்ளவத்தையில இருந்து எழுதிறது லேசு. மூணு வருசம் போட்ட கரையில ஏத்தி வச்சா எஞ்சின் லோன நீங்களா கட்டுவீங்க?

நான் சின்னனில இருந்து கடல், அப்பாவோட கரைவலைக்கும் போனவன், இப்ப ஃபைபர் போட்டில டூரிஸ்ட் ஏத்துறன். தம்பி சொன்னது பொய்யெண்டு சொல்ல மாட்டன். கொம்புப் பவளம் கூட்டமா வளந்து நிக்க வருசக்கணக்கு, ஒரு ஆள் காலில நீந்திற துடுப்ப மாட்டிக்கொண்டு ஒருக்கா திரும்பினாக் காணும், சடக்கெண்டு முறியும், தண்ணிக்குள்ள இருந்தா உங்களுக்கே அந்தச் சத்தம் கேக்கும். கரையில கால் வைக்கிற இடமெல்லாம் செத்த பவளக்கட்டை, வெள்ள வெள்ளயா எலும்பு மாதிரி குமிஞ்சு கிடக்கு. நீந்தத் தெரியாத ஆக்கள் பயத்தில எதில ஏறலாம் எண்டுதான் பாப்பாங்க, கல்லோ பவளமோ அவங்களுக்கு ஒண்டுதான். நான் ஏத்திற ஆக்களுக்கு போட்டில ஏற முதலே சொல்லிப் போடுவன், நீந்தத் தெரியாட்டி இடுப்பளவு மணலில நில்லுங்கோ, சுறா வேணுமெண்டா மற்றப் பக்கம் போவம், அது கருப்பு முனைச் சுறா, உங்கள ஒண்டும் செய்யாது, அதுக்கு நீங்கதான் பயம் எண்டு. கேக்கிறவன் கேப்பான், கேக்காதவன் கேக்க மாட்டான்.

ஆனா எல்லாத்தையும் போட்காரன்ட தலையில கட்டாதீங்கோ. பவளத்துக்கு எதிரி நாங்க மட்டும்தானா? முள்முடி நட்சத்திர மீன் வந்து தின்னுது, தண்ணி சூடேறினா பவளம் வெளுத்துப் போகுது. 98ல எல் நினோ எண்டு கடல் சூடேறி தென்பகுதிப் பவளம் எல்லாம் வெளுத்துச் செத்தப்ப எங்கட திருகோணமலப் பக்கம் தப்பினது, அது எங்கட பெரிய அதிர்ஷ்டம், ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ஷ்டம் வராது. அதோட டைனமைற். இரவில குண்டு போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு எந்த வட்டம் எந்த அறிவிப்புப் பலகை? சுருக்கு வலக் கதைய நான் இஞ்ச தொடங்கேல்ல, தொடங்கினா முடியாது.

மூடிற கதைக்கும் ஒண்டு சொல்றன். வாடக் காத்து தொடங்கினா எங்கட கடல் தானாவே பூட்டிக்கொள்ளும். கார்த்திகையில இருந்து மாசி மட்டும் அந்தக் கடலில ஆக்கள ஏத்திற வேல இல்ல. எங்கட சீசன் சித்திரையில இருந்து புரட்டாசி மட்டும்தான், அந்த அஞ்சாறு மாசத்திலதான் வருசச் சாப்பாடே இருக்கு. மாயா பேயில கூட இப்ப வருசத்தில ரெண்டு மாசம் மூடி மற்ற மாசம் திறக்கிறாங்க, போட்ட குடாவுக்குள்ள விடுறேல்ல, பின்பக்கம் ஒரு மிதக்கிற தட்டில கட்டி ஆக்கள நடத்திக் கூட்டிப் போறாங்க எண்டு ஒரு வெள்ளக்காரப் பெடியன் சொன்னான். அத செய்யச் சொல்லுங்கோ. போட் கட்ட மிதவை போட்டுத் தந்தா நாங்க ஏன் நங்கூரத்த பவளத்தில போடப் போறம்? ஒரே நேரத்தில இத்தின போட் எண்டு கணக்கு வச்சா எங்களுக்கும் நல்லம், முறை வச்சுப் போவம், இப்ப காலம எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்டா ஓடி அடிபடுறம்.

நுழைவு டிக்கெட் காசு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, போட் கூலி எங்களுக்கு. மிதவைக்கும் ஊர்ப் பெடியள காவலுக்குப் போடுறதுக்கும் அந்த டிக்கெட்டில ஒரு பங்கு இஞ்சயே நிக்கிற மாதிரி ஒரு ஒழுங்கு இருந்தா, அந்தப் பவளத்த நாங்க கண்ணில எண்ண விட்டுப் பாப்பம். புது வட்டத்தில இது இருக்கா? இருந்தா சரி, கையெழுத்து வைப்பம்.

வெள்ளவத்தை_வாசன்:

சரி அண்ணே, மிதவை, முறை வச்சுப் போறது, ரெண்டு மாச மூடல் எண்டா நானும் ஓகே. முழுசா மூடுறத பத்திப் பிறகு சண்ட பிடிப்பம்.

மண்டபத்துக்காரன்:

இலங்கை சொந்தங்களுக்கு வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், உங்களுக்கு எதிர்க்கரைன்னு வச்சுக்கோங்க. இங்க இந்த பயோஸ்பியர் வந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால கொஞ்சம் சொல்லலாம்.

மன்னார் வளைகுடால பாம்பன்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு. 1986ல அதை கடல்சார் தேசிய பூங்கான்னு அறிவிச்சாங்க. 1989ல அதைச் சுத்தி 10,500 சதுர கிலோமீட்டர பயோஸ்பியர் ரிசர்வ்னு சொன்னாங்க, 2001ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. உங்க புறாமலை மாதிரியே தான், நடுவுல பூங்கா, சுத்தி ரிசர்வ்.

நல்லது நடந்துச்சா? நடந்துச்சு. முன்னாடி வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமா கொண்டு வருவாங்க, அப்படி வெட்டியே ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும். 2005 வாக்குல அந்த வெட்டு நின்னுச்சு. டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு கிராமம் கிராமமா குழு போட்டு மகளிருக்கு கடன் குடுத்தாங்க, அதுல தொழில் ஆரம்பிச்சவங்களும் இருக்காங்க.

ஆனா அடி வாங்குனது யாருன்னு கேட்டா பாசி எடுக்குற பொம்பளைங்க. எங்க ஊர்ல பாட்டி காலத்துல இருந்து தீவு ஓரமா முங்கி மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை எடுப்பாங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கால்ல தகடு கட்டிக்கிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு இறங்குவாங்க, பாறை கிழிக்கும்ல. பூங்கான்னு கோடு போட்டப்ப அந்தக் கோடு நேரா இவங்க தொழில் செய்யுற இடத்து மேலயே விழுந்துச்சு. போட்டவங்க பொம்பளைங்க தொழில்னு ஒண்ணு கடல்ல இருக்குன்னே கணக்குல எடுக்கல. போனா கேஸ், போகலேன்னா பட்டினி. அப்புறம் அந்த அக்காங்களே கூடிப் பேசி தங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க, மாசத்துல 12 நாளுக்கு மேல எடுக்கிறதில்ல, மீன் தடைக்காலத்துல எடுக்கிறதில்ல, வேரோட பிடுங்குற மாதிரி தகடு கிகடு வச்சு சுரண்டக் கூடாது, கையால தான் எடுக்கணும்னு. இதை எந்த அதிகாரியும் சொல்லிக் குடுக்கல. அதிகாரிங்க கூட உக்காந்து பேசுறப்ப இதைத் தான் எடுத்து வச்சாங்க.

அதனால உங்க ஆளுக்கு நான் சொல்றது, வரைபடம் வர்றதுக்கு முன்னாடி போங்க. அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் போய் எங்க தொழில் இங்க இருக்குன்னு சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க. இப்ப 2022ல பாக் நீரிணைப் பக்கம் கடல்பசுவுக்குன்னு 448 சதுர கிலோமீட்டர்ல ஒரு பாதுகாப்பகம் வந்துச்சு, அது தேசிய பூங்கா மாதிரி இல்ல, மீன்பிடியை நிறுத்தாத வகை. ஆக எந்த வகையில அறிவிக்கிறாங்கங்கிறதும் ரொம்ப முக்கியம்.

கிண்ணியா_பானு:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்து நானா பொம்பளைங்க கதைய எடுத்ததால எழுதுறன், இல்லாட்டி வாசிச்சிட்டுப் போயிருப்பன்.

எங்கட பக்கம், தம்பலகாமக் குடாவில மட்டி எடுக்கிறதும் இப்பிடித்தான். தண்ணி வத்துற நேரம் பாத்து இறங்கி, சேத்துக்குள்ள காலால தடவிப் பாத்துக் கையால எடுக்கிறது. உம்மா சொல்லுவா, காலுக்குத் தெரியும் எது மட்டி எது கல்லெண்டு. கொண்டு வந்து அவிச்சா வாய் திறக்கும், சதைய விக்கிறது, ஓட்ட சுண்ணாம்புக்குக் குடுக்கிறது. சின்னதெல்லாம் திருப்பிப் போட்டிருவாங்க, அத எடுத்தா அடுத்த முற இறங்க ஒண்டும் இருக்காது, ஆருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்ல. இந்தப் பொம்பளைங்கள் எந்த மீனவர் சங்கத்திலயும் மெம்பர் இல்ல. கூட்டத்துக்கு ஆர் கூப்பிடுவா? அலஸ்தோட்டத்தான் நானா போன கூட்டத்தில எத்தின பொம்பள இருந்தாங்க எண்டு கேட்டுப் பாருங்க.

அடுத்தது கண்டல், அதுதான் களப்போரம் உப்புத் தண்ணியில வளர்ற அலையாத்தி மரம். 2015ல ஒரு திட்டம் வந்தது, சிலாபத்தில இருக்கிற சுதீச எண்ட அமைப்பும் வெளிநாட்டு சீக்காலஜியும் அரசாங்கத்தோட சேந்து, நாட்டில இருக்கிற கண்டல் காடு முழுசையும் பாதுகாக்கிறது எண்டு. அதில எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டுதான், கண்டல வெட்டாம பாத்துக்கொண்டா பொம்பளைங்களுக்குச் சின்னக் கடன், தொழில் பழக்கம் எண்டு சேத்து வச்சது. காவல் ஒரு பக்கம் காசு ஒரு பக்கம் எண்டு பிரிச்சு வைக்கேல்ல. ஒவ்வொரு ஊரிலயும் எப்பிடிப் போச்சு எண்டது வேற கத, ஆனா யோசன சரி.

வெருகலாள்:

பானு சொன்னதும் மண்டபத்து அண்ணா சொன்னதும் நான் எழுத விட்ட பகுதி. இப்ப வெளி வட்டத்துக்கு வாறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

பயோஸ்பியர் வெளி வட்டத்துக்குத் தனியா சட்டப் பல் இல்ல. ஹோட்டல்காரர் ஒருத்தர் கழிவுத் தண்ணிய குழாய் போட்டு மணலுக்குள்ள விட்டா (விடுறாங்க, பேர் சொல்லேல்ல, நிலாவெளியில காலம கரையால நடந்தவங்களுக்குத் தெரியும்) யுனெஸ்கோ வந்து பிடிக்காது. அந்தத் தண்ணி போய்ச் சேருற இடம் பவளம். சத்து கூடின தண்ணியில பாசி வளந்து பவளத்த மூடிரும், போட்காரன் எவ்வளவு கவனமா நங்கூரம் போட்டும் பிரயோசனமில்ல. அதால நடு வட்டத்துக்குள்ள சனத்த இறுக்கி, வெளி வட்டத்தில கட்டிடத்த அவிட்டு விட்டா முழு வேலையும் வீண். எனக்கு இருக்கிற பயம் இதுதான், மூண்டு வட்டத்திலயும் கேள்வி கேக்கப்படாத ஆள் கரையில காணி வாங்கிற ஆளா இருந்திரக் கூடாது.

பல் இருக்கிற சட்டம் எங்களிட்ட ஏற்கனவே இருக்கு. 1981ம் ஆண்டு 57ம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டம். கடல் ஏறி நிக்கிற கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர், கடல் வத்தி நிக்கிற கோட்டில இருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டர் கரையோர வலயம். புறாமலை ஒரு கிலோமீட்டரில இருக்கு, அப்ப தீவும் கரையும் ரெண்டும் அதுக்குள்ளதான். அந்த வலயத்துக்குள்ள கட்டிறதெண்டா அனுமதி வேணும். அதோட 1996ம் ஆண்டு 2ம் இலக்க கடற்றொழில் சட்டத்தில மீன்பிடி முகாமைத்துவப் பகுதி எண்டு அறிவிக்கலாம், தொழில் செய்ற ஆக்களே குழு அமைச்சு எந்த வல, எந்தக் காலம் எண்டு சொல்லலாம். ரெக்காவையிலயும் ஹிக்கடுவையிலயும் தொண்ணூறுகளில ஊர்ச்சனத்த இருத்தி ஒரு இடத்துக்கெண்டு தனித் திட்டம் போட்டுப் பாத்திருக்காங்க. யுனெஸ்கோ பேர் வரட்டும், வராட்டியும், இந்த ரெண்டையும் கேக்கிறதில பிழையில்ல. பேர் வந்தா வெள்ளக்காரர் கூட வருவாங்க, சட்டம் நடந்தாத்தான் அவங்க வந்து பாக்க பவளம் இருக்கும்.

இறக்கக்கண்டி போட்காரன்:

தங்கச்சி, இந்தக் குழு விசயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா குழுவில சம்மாட்டிமார், அதுதான் வலையும் வள்ளமும் வச்சிருக்கிற முதலாளிமார், மட்டும் வந்து குந்தினா நாங்க திரும்பவும் கரையிலதான்.

அலஸ்தோட்டத்தான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. மச்சானுக்கு ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினன். போட்காரர் அண்ணை சொன்ன மிதவையும் டிக்கெட் பங்கும் கேட்டிட்டு ஆள் நிமிந்து இருந்திட்டான், இனி கூட்டத்தில எழும்பிக் கேப்பன் எண்டு சொல்றான். பானு தங்கச்சி கேட்டதுக்குப் பதில், அந்தக் கூட்டத்தில பிளேன்டீ கொண்டு வந்த அக்காவத் தவிர பொம்பள ஒருத்தரும் இல்ல.

அடுத்த கூட்டம் சீசன் முடிஞ்ச பிறகு எண்டு சொல்லியிருக்காங்க. மேப் கொண்டு வருவினமாம். அந்த மேப்பில எதப் பாக்கோணும்?

வெருகலாள்:

ஒவ்வொரு கரைவலைப் பாடும் (வல இழுக்கிற இடம்) வாடியும் (மீனவர் தங்கிற குடில்) பேரோட போட்டிருக்கா எண்டு முதல் பாருங்க. போட் இறக்கிற துறை, கருவாடு காயப் போடுற இடம், கோயில் தீர்த்தமாடுற இடம், களப்பில இறால் வீசுற இடம் எல்லாம். போடாட்டி அங்கயே பேனைய வாங்கிக் கீறச் சொல்லுங்க. பிறகு கோடு எங்கால போகுது எண்டு பாருங்க, ஹோட்டல் வளவ சுத்திக்கொண்டு வளைஞ்சு போய் உங்கட கரைவலைப் பாட்டுக்கு மேலால நேரா வருதெண்டா ஒண்டும் வாய்விட்டுக் கேக்கத் தேவையில்ல, ஃபோட்டோ ஒண்டு எடுத்து இஞ்ச போடுங்க.

கிண்ணியா_பானு:

கூட்டத் திகதிய இஞ்ச போடுங்க நானா. கூப்பிடாட்டியும் நாங்க நாலஞ்சு பேர் பஸ் ஏறி வாறம்.